பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு ஊர் பார்க்கப் போகலாமா?

நங்கநல்லூர் நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: கணவனும் மனைவியும் பணி ஓய்வு பெற்றாயிற்று, பிரிட்டனோ ஐரோப்பாவோ ஒரு மாதம் போக ஆசை, பார்க்க நினைக்கும் இடங்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது, ஓட்டல் வாடகையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அங்கே யாராவது விடுமுறைக்குக் கிளம்பும்போது அவர்கள் வீட்டில் தங்கி நாயையோ பூனையையோ பார்த்துக்கொண்டால் வாடகையே கிடையாதாமே, அது நமக்கெல்லாம் நடக்குமா? கூடவே, "நாங்கள் சைவம், நாய் வளர்த்ததில்லை, பரவாயில்லையா?" என்று கடைசியில் ஒரு வரி. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சட்டம் இடம் கொடுக்குமா, ஊர் சுற்ற நேரம் கிடைக்குமா, அந்தப் பிராணி உங்கள் கையில் பத்திரமாக இருக்குமா. மூன்றாவதைப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. ஆனால் முதல் கேள்வியில் தடுக்கி விழுந்தால் மற்ற இரண்டுக்கும் வேலையே இல்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, சென்னையில் பல வருடங்கள் பெரும்பாலும் நாய், பூனைகளுக்கே வைத்தியம் பார்த்தவள். என் மகள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கிறாள். அவள் வீட்டையும் அவளுடைய சிநேகிதர்கள் சிலர் வீட்டையும், அவர்கள் ஊரில் இல்லாத நாட்களில் நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆக, பிராணிகளைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். விசா பற்றி நான் சொல்வது விதிகளைப் படித்துப் புரிந்துகொண்ட அளவுக்குத்தான். நான் வக்கீல் இல்லை. விண்ணப்பிப்பதற்கு முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணம் கைமாறவில்லை, அதனால் இது வேலை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு என்பது எழுத்திலேயே இருக்கிறது. நியூசிலாந்தின் குடிவரவு விதிகளில், பண மதிப்புள்ள எந்தப் பலனுக்காகச் செய்தாலும் அது வேலைதான். தங்க இடமும் சாப்பாடும் அந்தப் பலனில் அடக்கம் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில், வழக்கமாகக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்கிற காரியம் எதுவும் வேலை. நீங்கள் கூலி வாங்கினீர்களா என்பது அங்கே கேள்வியே இல்லை. கனடாவில், சம்பளம் இல்லாவிட்டாலும் உள்ளூர்க்காரர்களின் பிழைப்போடு நேரடியாகப் போட்டி போடுகிற செயல் வேலைக் கணக்கில் வரும். பிரிட்டனின் பார்வையாளர் விதி, சேவை வழங்குவதையும் வேலையில் சேர்த்திருக்கிறது. தன்னார்வத் தொண்டு என்றாலும் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு, அதுவும் மொத்தம் 30 நாள் வரைதான் அனுமதி. அமெரிக்காவில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. 2022-ல் கனடாவில் ஒரு பூனையைப் பார்த்துக்கொள்ளப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் பெண்ணை, வழியில் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் நிறுத்தி விசாரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2025-ல், தங்கிய வீடுகளில் வேலைகளில் கைகொடுத்துக்கொண்டு பயணம் செய்த ஓர் இளம் பிரிட்டிஷ் பெண்ணை மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காவலில் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் உறுதி. உறுதியில்லாதது, உங்களை எதிர்கொள்ளும் அதிகாரி இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது. வருடா வருடம் ஏராளமானவர்கள் இப்படிப் போய்த் தங்கிவிட்டு எந்தச் சிக்கலும் இல்லாமல் திரும்புகிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் முன்கூட்டி விசா வாங்கத் தேவையில்லாத பாஸ்போர்ட்காரர்கள். விமானத்தை விட்டு இறங்கி, "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்றால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. நம் கதை வேறு. எங்கே தங்குகிறீர்கள், யார் வீடு, அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று மாதக்கணக்கில் முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். பிரான்ஸில் ஒருவர் வீட்டில் தங்குவதென்றால், அந்த வீட்டுக்காரர் தன் ஊர் நகராட்சிக்குப் போய்க் கட்டணம் கட்டி ஒரு சான்றிதழ் வாங்கி நமக்கு அனுப்ப வேண்டும். ஸ்பெயினுக்கோ கிரீஸுக்கோ விடுமுறைக்குக் கிளம்பும் அறிமுகமில்லாத ஒருவர் நமக்காக இவ்வளவு அலைவாரா?

இந்த இடத்தில் இணையத்தில் ஒரு யோசனை சொல்வார்கள்: "நண்பர் வீட்டில் தங்குகிறேன் என்று எழுதிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது." தயவுசெய்து செய்யாதீர்கள். பிரிட்டனில் விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவு செய்தால் 10 ஆண்டுத் தடை. அமெரிக்காவில் அது ஆயுளுக்கும் தொடரும் கறை. மகனையோ மகளையோ பார்க்க நாளைக்குப் போக வேண்டியிருக்கும் வயதில், மிச்சமாகிற ஓட்டல் வாடகைக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், நம் ஆட்களுக்கு ஒரு வழி இருக்கிறது, யாரும் அதை இந்தப் பெயரில் சொல்வதில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு லண்டன் ஹாரோவிலோ டொராண்டோவிலோ ஒரு தம்பி மகன், மச்சினி, பழைய சக ஊழியர் இருப்பார். அவர்கள் வீட்டிலும் இப்போது ஒரு லாப்ரடாரோ இரண்டு பூனையோ இருக்கும். அவர்கள் டிசம்பரில் ஊருக்கு வரும்போது அதை எங்கே விடுவது என்று தவிப்பார்கள். சொந்தக்காரர் அழைப்பின் பேரில், அவர்களோடு சில நாள் தங்கி, சில நாள் அவர்கள் இல்லாதபோதும் அங்கேயே இருப்பது, இணையத்தில் பிடித்த முகம் தெரியாத வீட்டுக்குப் போவதைவிட மிகவும் இயல்பான ஏற்பாடு. கடிதத்திலும் உள்ளதை உள்ளபடி எழுத முடியும். ஒரு காசுகூட வாங்காதீர்கள். வாங்கினால் அது வேலைதான், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. (பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் நியூஜெர்சி போய்விட்டு வருகிற தாத்தா பாட்டிகளுக்கு இதெல்லாம் பழகிய தடம்தான். குழந்தையை விட நாய் சொன்னபடி கேட்கும் என்பது ஒரு வசதி.)

வீட்டுக்காரர்களையும் தங்க வருபவர்களையும் இணைத்துவைக்கும் இணையத் தளங்கள் வழியாகவே போவேன் என்றால், நடைமுறை இதுதான். 2010-ல் பிரிட்டனில் தொடங்கிய டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ்தான் இதில் பரவலாகத் தெரிந்த பெயர். பிரான்ஸ் பக்கம் நோமடார், ஆஸ்திரேலியாவுக்கு ஆஸி ஹவுஸ் சிட்டர்ஸ் என்று வேறு சிலவும் உண்டு. டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸில் வீட்டுக்காரர், தங்க வருபவர் இருவரும் வருடச் சந்தா கட்டுவார்கள். அவர்களுக்குள் பணம் கைமாறாது. முன்பு தங்கிய வீட்டுக்காரர்கள் எழுதிய மதிப்புரைகள்தான் அங்கே செல்லுபடியாகும் நாணயம். ஒரு மதிப்புரையும் இல்லாமல் சென்னையிலிருந்து லண்டன் வீட்டுக்கு விண்ணப்பித்தால், பக்கத்து ஊரிலிருந்து நேரில் வந்து நாயோடு பழகிவிட்டுப் போகக்கூடிய ஒருவரைத்தான் அவர்கள் எடுப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். நடத்தைச் சான்று கேட்டால் பாஸ்போர்ட் அலுவலகச் சான்றைத் தேடிப் போகாதீர்கள், சுற்றுலா விசாவுக்காக அதைக் கொடுப்பதில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையில் தனிநபர் தனக்காக விண்ணப்பிக்கலாம். "சாவி தர முன்பணம் அனுப்புங்கள்" என்று எந்த வீட்டுக்காரராவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, ஊர் சுற்றுவதற்கு வருவோம். எந்த ஊர் என்று பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. எந்தப் பிராணி என்று பார்ப்பதுதான் முக்கியம். நீங்கள் பார்க்கப்போகும் ஊர் எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பிராணிதான் தீர்மானிக்கும். வளர்ந்த நாயை நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடக் கூடாது என்பது பிரிட்டனில் பரவலாக ஏற்றுக்கொண்ட வரம்பு. எடின்பரோவை வைத்துச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு வாக்கிங், சாப்பாடு, அப்புறம் அது தூங்கும். பத்து மணிக்குத் திறக்கும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய், ராயல் மைலில் ஒரு நடை நடந்து, இரண்டு மணிக்குள் வீடு திரும்பலாம். ஸ்டர்லிங் கோட்டைக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் போக வர நேரம் போக மிஞ்சுவது சொற்பம். யார்க் நகரம் ரயிலில் இரண்டரை மணி நேரம், போக மட்டும். ஸ்கை தீவு ஒரே நாளில் போய்வர விடிகாலையில் கிளம்பி இரவு திரும்பும் பேருந்துப் பயணம். நாய் இருக்கும் வீட்டில் இரண்டையும் மறந்துவிடுங்கள். நாயைக் கூட்டிக்கொண்டே போகும் இடங்கள் வேறு கணக்கு: ஹோலிரூட் பூங்கா, ஆர்தர்ஸ் சீட் குன்று, அரை மணி ரயிலில் நார்த் பெரிக் கடற்கரை. பிரிட்டன் ரயில்களில் நாய்க்கு டிக்கெட் கிடையாது. நாயோடு நடப்பவர்களிடம் அந்த ஊர் மனிதர்கள் நின்று பேசுவார்கள். சுற்றுலா வழிகாட்டி வைத்துப் போனபோது எங்களிடம் யாரும் நின்று பேசியதில்லை.

பூனை என்றால் நாள் முழுதும் உங்களுடையது. காலையும் மாலையும் சாப்பாடு, மணல் தட்டைச் சுத்தம் செய்வது, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்வது. ஆனாலும் இரவு வெளியே தங்க முடியாது. எங்கள் வழக்கம், வெளியூர்ப் பயணங்களை வீட்டுப் பொறுப்புக்கு முன்னும் பின்னும் வைத்துவிடுவது. ஒரு மாதம் என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் வீடும் பூனையும், மற்ற நாட்கள் நம் செலவில் நம் இஷ்டம். முழு மாதத்தையும் ஒரு வீட்டில் வைத்தால் நீங்கள் அந்த ஊர்வாசி ஆகிவிடுவீர்கள். சிலருக்கு அதுதான் வேண்டும். உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதியிருக்கும் இடங்களின் பட்டியலைப் பார்த்தால் உங்களுக்கு அது ஒத்துவராது என்று தோன்றுகிறது.

பருவத்தையும் பாருங்கள். வீடு காலியாவது பள்ளி விடுமுறையிலும் கிறிஸ்துமஸிலும். டிசம்பர் எடின்பரோவில் காலை எட்டரை தாண்டித்தான் வெளிச்சம், மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டு, நடுவில் மழை. அந்த இருட்டு மழையில் தினம் இரண்டு முறை நாயோடு நடக்க வேண்டும். மார்கழிக் குளிருக்கே மங்கி கேப் போடும் நாம் இதை யோசிக்க வேண்டும். ஆகஸ்ட்டில் விழாக் காலம், ஊரே கோலாகலம், ஆனால் எடின்பரோ கோட்டையில் நடக்கும் ராணுவ இசை நிகழ்ச்சியில் இரவுதோறும் வாணவேடிக்கை. அது போதாதென்று 1861 முதல், ஞாயிறும் ஓரிரு பண்டிகை நாளும் தவிர, தினம் பகல் ஒரு மணிக்குக் கோட்டையில் ஒரு பீரங்கி வெடிக்கும். தீபாவளிக்கு மறுநாள் என் கிளினிக்கில் வந்து நிற்பவர்களில் பாதிப்பேர், வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிப்போன நாயைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். பழகாத ஆளோடு இருக்கும் நாய் இன்னும் சீக்கிரம் ஓடும். அதனால் முதல் வாரம் எங்கேயும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள், வீட்டுக்காரர் "அவன் சமர்த்து, விட்டுவிடலாம்" என்று சொன்னாலும். கிராமப்புறத்தில் இது சட்டப் பிரச்சினையும்கூட. ஸ்காட்லாந்தில் 2021-லிருந்து, நாய் ஆட்டு மந்தையைத் துரத்தினாலே 40,000 பவுண்டு வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அந்த நேரத்தில் நாய் யார் பொறுப்பில் இருந்ததோ அவரும் பதில் சொல்ல வேண்டும்.

இனி பிராணியின் பத்திரம். நம் வீட்டுச் சாமான்களில் எவை அதற்கு விஷம் என்பது பலருக்குத் தெரியாது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். பூனைக்கு இன்னும் மோசம். ஆகவே சாம்பார் சாதம் வேண்டாம். உலர்ந்த திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் அது இருக்கிறது. சர்க்கரை நோய்க்காரர்கள் பையில் வைத்திருக்கும் சுகர்ஃப்ரீ சூயிங் கம், மிட்டாய்களில் பலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். அதைத் தின்றால் நாய்க்கு ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். நம் ஊரில் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டுப்புடவையோடு பெட்டியில் போடும் அந்துருண்டையை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். வந்த இடத்தில் யாராவது பூங்கொத்து கொடுத்து அதில் லில்லி இருந்தால், பூனை உள்ள வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அதன் மகரந்தமே போதும். கிளி வளர்க்கும் வீடானால் நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வெறுமனே காயவிடக் கூடாது, அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

அறிகுறிகளில் இரண்டே இரண்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைக்காதீர்கள். சிறுநீர் அடைத்திருக்கலாம். விடியும் வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும். பெரிய உடம்பு, ஆழமான மார்பு உள்ள நாய் வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், வயிறு உப்பிக்கொண்டு நிலைகொள்ளாமல் அலைந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதுவும் அப்படியே. டாக்டரான நானேகூட அங்கே ஊசி போடக் கூடாது, பிரிட்டனின் 1966-ஆம் வருடக் கால்நடை மருத்துவச் சட்டப்படி அங்கே பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும்தான் அந்த உரிமை. அதனால் வீட்டுக்காரர் கிளம்பும் முன் அவருடைய மருத்துவமனைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்லுங்கள்: இன்னார் நாயைக் கொண்டுவருவார், இவ்வளவு தொகை வரை என் கணக்கில் சிகிச்சை செய்யுங்கள், என்னைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் முடிவெடுக்க வேண்டியவர் இன்னார். இந்தக் கடைசி வரியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். வயதான நாயாக இருந்தால் அதைக் கருணைக்கொலை செய்வதா என்ற முடிவு நடு இரவில் உங்கள் தலையில் விழலாம். அது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு அல்ல. எடின்பரோவில் 1823-ல் தொடங்கிய ராயல் டிக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, உலகத்தரம். ஆனால் அங்கே போய் நின்று "யார் பணம் கட்டுவது" என்று யோசிக்கிற நிலைமை வரக் கூடாது.

சைவம் பற்றி. பெரும்பாலான வீடுகளில் உலர் தீவனமும் டின்னும்தான், கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம், வாடை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பச்சை இறைச்சியே கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. ஃபிரீசரில் எலும்போடு இருக்கும், அதை எடுத்து, அளந்து, பாத்திரத்தையும் மேடையையும் சுத்தமாகக் கழுவ வேண்டும். உங்களுக்குச் சரிப்படாது என்றால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்த நாய்க்குத் தயிர் சாதம் போட்டுப் பழக்குவோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சமையல் பற்றி இன்னொன்று: ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஒன்று அலறினால் வீடு முழுதும் அலறும், நாயும் சேர்ந்துகொள்ளும். மிளகாய் தாளிக்கும் முன் சமையலறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

நாய் வளர்த்ததில்லை என்கிறீர்கள். அப்படியானால் வெளிநாட்டில் முதன்முதலாக நாய் உள்ள வீட்டை எடுக்காதீர்கள் என்பதுதான் என் தீர்மானமான கருத்து. வளர்ந்த, ஆரோக்கியமான, மருந்து எதுவும் சாப்பிடாத ஒரு பூனை போதும். அதற்கும் முன்னால் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள், விசாவே வேண்டாம். வெயில் காலத்தில் ஆரோவில்லிலும் கொடைக்கானலிலும் குன்னூரிலும் வீட்டை விட்டு வெளிநாடு போகிறவர்கள் இருக்கிறார்கள். பெசன்ட் நகர், நீலாங்கரை பக்கம் நாய் வைத்துக்கொண்டு வார இறுதிக்குக்கூட நகர முடியாமல் தவிப்பவர்கள் எத்தனையோ பேர். ஒரு வாரம் ஒருவர் வீட்டில் இருந்து பாருங்கள். காலை ஐந்தரைக்கு அது உங்களை எழுப்பும்போது எரிச்சல் வருகிறதா, சிரிப்பு வருகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவர்களிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் லண்டன்காரரிடம் காட்டவும் ஆகும்.

வீடு அமைந்துவிட்டால் வீடியோவில் பேசும்போது வீட்டைக் காட்டச் சொல்வதோடு, பிராணியையும் காட்டச் சொல்லுங்கள், அதுவும் அது சாப்பிடும் நேரத்தில். அது கடைசியாக எப்போது மருத்துவரிடம் போனது, யாரையாவது கடித்திருக்கிறதா, எங்கே தூங்கும் (உங்கள் கட்டில் என்பது பதிலாக இருக்கலாம்), தனியாக விட்டால் என்ன செய்யும், கார் ஓட்ட வேண்டியிருக்குமா என்று கேளுங்கள். கார் என்றால், இங்கே ஆர்டிஓவில் ஒரு வருடத்துக்குச் சர்வதேச உரிமம் தருவார்கள். ஆனால் அவர்கள் கார் காப்பீட்டில் உங்கள் பெயரையும் சேர்த்தால்தான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். அவர்கள் கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்வது போல டிக்கெட் போடுங்கள். அந்த ஒரு நாள், ஹீட்டர் எப்படிப் போடுவது, எந்தக் குப்பைத் தொட்டி எந்தக் கிழமை என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ளவும், பூனை சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வரவும் தேவைப்படும்.